எலுமிச்சை சோடாவோடு லண்டனின் பழைய பப்புகளில்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லண்டனில் இருந்த மூன்று வருஷத்தில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஊரில் யாராவது கேட்டால், பழைய பப்புகள் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். உடனே சித்தப்பா அம்மாவைப் பார்க்கிறார், அம்மா என்னைப் பார்க்கிறாள். அங்கே நான் குடித்ததெல்லாம் எலுமிச்சை சோடாதான் என்று எத்தனை சத்தியம் செய்தாலும் எடுபடவில்லை, சரி, போகட்டும்.

பப்புக்குப் போய் சோடா குடிப்பவனை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதைத்தான் சுருக்கிப் பப் ஆக்கிவைத்திருக்கிறார்கள், பெயருக்கேற்ற மாதிரி ஒரே ஒரு கிளாஸை வாங்கிவைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் பேப்பர் படிக்கலாம், நாயைக் கூட்டிவந்து காலடியில் படுக்கவைக்கலாம், குளிர்காலத்தில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்துவிட்டால் அதை விட்டு எழுந்திருக்காமலே இருக்கலாம். எனக்கு வேறொரு ஆசை இருந்தது, பழைய கட்டடம். கோயில் என்றால் தூணைத் தொட்டுப் பார்க்கவே தயங்குவோம், அருங்காட்சியகம் என்றால் கயிறு கட்டியிருப்பார்கள், பப்பில் மட்டும்தான் முந்நூறு வருஷத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்ள முடியும், அதுவும் ஒரு சோடா விலைக்கு.

முதலில் தேடிப் போனது ஹட்டன் கார்டனில் இருக்கும் 'யே ஓல்டு மைட்டர்'. நகைக்கடைத் தெரு அது. இரண்டு கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, அதற்குள்தான் பப். சந்து இருப்பதே தெரியாமல் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போய்விட்டேன். மூன்றாம் தடவை கண்டுபிடித்து உள்ளே போனால் கதவு பூட்டியிருக்கிறது. சனிக்கிழமை. அந்தப் பகுதியே அலுவலகக்காரர்களை நம்பிப் பிழைப்பது, சனி ஞாயிறில் பாதி பப்புகள் திறப்பதில்லை என்பதை விசாரிக்காமல் போனது என் முட்டாள்தனம். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். வெளியே 1546 என்று எழுதியிருந்தது. ஈலி என்ற ஊரின் பிஷப்புக்கு அங்கே ஓர் அரண்மனை இருந்தது, அதன் வேலையாட்களுக்காகத் தொடங்கிய பப் இது. பிற்பாடு அரண்மனையில் ஒரு பகுதியை முதலாம் எலிசபெத் ராணிக்கு வேண்டியவரான கிறிஸ்டோபர் ஹட்டன் எடுத்துக்கொண்டார். வாடகை வருஷத்துக்குப் பத்து பவுண்டு, பத்து பொதி வைக்கோல், ஒரு சிவப்பு ரோஜா. பிஷப் வயிறெரிந்திருப்பார், ஆனால் ராணி சொன்னால் சொன்னதுதான். முன்னறை மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செர்ரி மரத்தின் அடிமரம் இருக்கிறது. பிஷப்பின் தோட்டத்துக்கும் ஹட்டனின் இடத்துக்கும் எல்லையாக நின்ற மரமாம், அதைச் சுற்றி ராணி ஹட்டனோடு ஆடினாராம். இந்த 'ஆம்'களை நான் வேண்டுமென்றே போடுகிறேன்.

ஏனென்றால் வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தபோது, இப்போது நிற்கிற கட்டடம் 1772 வாக்கில் கட்டியது என்று தெரிந்தது. ஆக 1546 என்பது எதன் வயது? அந்த இடத்தில் பப் நடத்துகிற வழக்கத்தின் வயது. சுவரின் வயது அது இல்லை. முதலில் கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. அப்புறம் இதுவே ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. எந்தப் பப்புக்குப் போனாலும் வெளியே எழுதியிருக்கும் வருஷத்தைப் பார்ப்பது, இது இடத்துக்கா, பெயருக்கா, கல்லுக்கா, கதைக்கா என்று பிரித்துப் பார்ப்பது. கூட வந்த நண்பர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

பிளீட் தெருவில் 'யே ஓல்டு செஷயர் சீஸ்' இருக்கிறது. லண்டனுக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு பப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அனுப்புவது இங்கேதான். 1666இல் நகரம் தீப்பற்றி எரிந்ததே, அதற்கு அடுத்த வருஷம் திரும்பக் கட்டியது. வாசல் தெருவில் இல்லை, ஒயின் ஆபீஸ் கோர்ட் என்ற சந்துக்குள் திரும்ப வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, இரண்டாம் சார்லஸில் தொடங்கி இந்தப் பப் பார்த்த ராஜா ராணிகளின் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் இருட்டு. பட்டப்பகல் வெளிச்சத்திலிருந்து போகிறவனுக்கு ஒரு நிமிஷம் எதுவுமே தெரியாது, கரி கணப்பின் வாசனை மட்டும் முதலில் வரும், பிறகு கறுத்துப்போன மரச்சுவர், தரையில் மரத்தூள், கதவுக்கு மேலே 'இந்த பாரில் ஆண்களுக்கு மட்டுமே' என்கிற பழைய அறிவிப்பு. (இப்போது அதற்கு அர்த்தமில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் என் தோழி இரண்டு கிளாஸ் குடித்தாள்.) அறைக்குள் அறை, படிக்குக் கீழே படி என்று இறங்கிக்கொண்டே போகலாம். கடைசியில் வளைவு வளைவாகக் கூரை போட்ட நிலவறைகள் வருகின்றன. அவை மேலே இருக்கிற கட்டடத்தைவிடப் பழையவை, அங்கே முன்பு இருந்த கார்மலைட் துறவிகளின் மடத்தோடு சேர்ந்தவை என்கிறார்கள். என் உயரம் ஐந்தடி ஏழங்குலம்தான், நானே இரண்டு இடத்தில் குனிந்தேன்.

இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் சாமுவேல் ஜான்சன். 1755இல் வந்த புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். அவர் குடியிருந்த வீடு கஃப் சதுக்கத்தில், இரண்டு நிமிஷ நடையில் இருக்கிறது, இன்று அருங்காட்சியகம். இவ்வளவு பக்கத்தில் இருந்தவர் இங்கே வராமலா இருப்பார் என்று கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார் என்று அத்தனையும் எழுதிவைத்த பாஸ்வெல், இந்தப் பப்பின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இன்னொரு விஷயம், ஜான்சன் பெரிய டீப் பைத்தியம், திருந்தாத வெட்கங்கெட்ட தேநீர்க்குடியன் என்று தன்னைப் பற்றித் தானே எழுதியவர். இதைப் படித்த அன்று என் சோடா கிளாஸுக்கு ஒரு பெரிய மனிதரின் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

ஜான்சனுக்குச் சான்று இல்லாவிட்டாலும் இங்கே இருந்த ஒரு கிளிக்கு உண்டு. பாலி என்று பெயர். பல வருஷம் இந்தப் பப்பில் வாடிக்கையாளர்களைத் திட்டிக்கொண்டே வாழ்ந்துவிட்டு 1926இல் செத்தபோது, உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் இரங்கல் குறிப்பு வந்தது. முதல் உலகப் போர் முடிந்த இரவில் பாட்டில் மூடி திறக்கும் சத்தத்தை நானூறு தடவை செய்துகாட்டி மயங்கி விழுந்தது என்று ஒரு கதை. நானூறை யார் எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். பிளீட் தெரு அப்போது பத்திரிகைக்காரர்களின் தெரு. கிளிக்கு இரங்கல் எழுதியவர்களில் எத்தனையோ பேர் அதனிடம் திட்டு வாங்கியவர்களாகவே இருந்திருப்பார்கள்.

ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போனால் சவுத்தாக்கில் 'ஜார்ஜ் இன்'. இதைப் பப் என்பதைவிடச் சத்திரம் என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். ஒரு காலத்தில் லண்டன் பாலத்தைத் தாண்டித் தெற்கே போகிற கோச்சு வண்டிகள் எல்லாம் புறப்பட்ட தெரு அது, வரிசையாகச் சத்திரங்கள். நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றி மாடி மாடியாக மரத்தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து அறைகளுக்குக் கதவு. லண்டனில் அந்த மாதிரித் தாழ்வாரத்தோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். மிஞ்சியிருப்பதும் ஒரு பக்கம் மட்டும். மற்றப் பக்கங்களை 1889இல் ரயில்வே கம்பெனி இடித்துவிட்டது. கோச்சு வண்டிப் பிழைப்பை ஒழித்ததும் ரயில், அந்த வண்டிகள் நின்ற முற்றத்தைத் தின்றதும் ரயில். 1937லிருந்து பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் இங்கே வந்தார் என்று யாராவது சொன்னால் இரண்டு வருஷங்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் இறந்தது 1616. சவுத்தாக் எரிந்தது 1676, அந்தத் தீக்குப் பிறகு கட்டியதுதான் இப்போது நாம் பார்ப்பது. பழைய ஜார்ஜுக்கு அவர் வந்திருக்கலாம், யார் கண்டது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாஸரின் கதையில் யாத்ரீகர்கள் கான்டர்பரிக்குப் புறப்பட்ட டேபர்ட் சத்திரமும் இதே தெருவில்தான் இருந்தது. அதை 1873இல் இடித்துவிட்டார்கள், இப்போது போய் நின்றால் ஒரு சந்து இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இந்த ஜார்ஜில் பிடித்தது மாடித் தாழ்வாரம் சாய்ந்திருக்கிற விதம். மரம் முந்நூறு வருஷமாகத் தன் பாரத்தைச் சுமந்து கொஞ்சம் கொஞ்சமாக வளைந்திருக்கிறது, கைப்பிடிக் கட்டை ஒரு கோணம், தரை ஒரு கோணம், ஜன்னல் வேறொரு கோணம். வேனிற்காலச் சாயங்காலத்தில் கீழே முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வாப்பிங்கில் தேம்ஸ் கரையோரம் 'பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி'. 1520 என்று சொல்லிக்கொள்கிறது. பெயர் அதற்கப்புறம் வந்தது, விட்பி ஊரிலிருந்து கரி ஏற்றிவந்து இங்கே நின்ற ஒரு கப்பலின் பெயர் பிராஸ்பெக்ட். மேல்கட்டடம் பலமுறை மாறியிருக்கிறது, பழையது என்று கைவைத்துச் சொல்லக்கூடியது தரையில் பாவியிருக்கும் கல். பின்பக்கம் ஆற்றுமணலில் ஒரு தூக்குமரம் நட்டுக் கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள், எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். அது ஞாபகத்துக்காக வைத்தது. கடற்கொள்ளையர்களை உண்மையிலேயே தூக்கிலிட்ட எக்ஸிக்யூஷன் டாக் அதே கரையில் இருந்தது. கேப்டன் கிட்டை 1701இல் அங்கேதான் தூக்கிலிட்டார்கள், முதல் தடவை கயிறு அறுந்துவிட்டது, இரண்டாம் தடவை மறுபடி ஏற்றினார்கள். கொஞ்ச தூரத்தில் அவர் பெயரிலேயே ஒரு பப் உண்டு, பார்த்தால் பழங்காலத்து மாதிரியே இருக்கும், அதைத் தொடங்கியது 1980களில். கதை பழசு, கடை புதுசு. நான் அங்கேயும் போனேன், ஜன்னலோரம் நல்ல காற்று வந்தது, குறை சொல்ல மனம் வரவில்லை.

வயதைப் பற்றிப் பொய்யே சொல்லாத பப்புகளும் உண்டு. பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே ஆப்புக்கட்டை மாதிரிக் குறுகலான கட்டடத்தில் 'பிளாக்ஃபிரையர்' இருக்கிறது. கட்டடம் 1875 வாக்கில் வந்தது, உள்ளே இருக்கிற வேலைப்பாடெல்லாம் 1905லிருந்து செய்தவை. அங்கே முற்காலத்தில் டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்தது, கறுப்பு மேலங்கி போட்டவர்கள் என்பதால் அந்தப் பெயர். அதை வைத்துக்கொண்டு சுவர் முழுக்கப் பளிங்கும் வெண்கலமுமாகத் துறவிகளை இழைத்துவிட்டார்கள் ஹென்றி பூல் போன்ற சிற்பிகள். ஒரு சிற்பத்தில் துறவிகள் மீன் பிடிக்கிறார்கள், கீழே 'நாளை வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடக்கூடாதே, அதற்குத்தான் முன்கூட்டியே விலாங்கும் மீனும். வெள்ளி செவ்வாய் பார்க்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை. 1960களில் இதை இடிக்கப் பார்த்தார்கள், கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். அறுபது வயசு வேலைப்பாட்டுக்குப் போய் இத்தனை சண்டையா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

ஹோல்போர்னில் 'பிரின்சஸ் லூயிஸ்'. 1891இல் அமைத்த உள்வேலைப்பாடு, பூவேலை செய்த கண்ணாடி, பளபளக்கும் ஓடுகள், கழிப்பறைகூடப் பாதுகாக்கப்பட்டது. நடுவே பார், அதைச் சுற்றி மரத்தடுப்பு வைத்துச் சின்னச் சின்ன அறைகள். எதற்கு இத்தனை தடுப்பு? கூலிக்காரர் குடிக்கிற இடத்தில் கனவான் கண்ணில் படக்கூடாது. லாம்ப்ஸ் காண்டுயிட் தெருவில் இருக்கும் 'லாம்ப்' இன்னும் ஒரு படி மேலே, அங்கே பாரின் மேல் கண் மட்டத்தில் திருகித் திறக்கும் சின்னக் கண்ணாடிக் கதவுகள் உண்டு, ஊற்றிக் கொடுக்கிற ஆள்கூட வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது, காசும் கிளாஸும் மட்டும் கைமாறும். அழகான வேலைப்பாடு, அதை மறுக்க முடியாது. டீக்கடையில் தனிக்குவளை இருந்த ஊரிலிருந்து போனவனால் அதை வெறும் வேலைப்பாடாக மட்டும் பார்க்கவும் முடியவில்லை.

கொஞ்சம் உபயோகமான விஷயமும் சொல்லிவிடுகிறேன். மேசையில் உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும், நாமே போய் பாரில் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். பாரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின்னால் யார் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும், முந்தினால் வாயால் எதுவும் சொல்லமாட்டார்கள், பார்வையே போதும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி, அது அதிகம் என்றால் பாதி கேட்கலாம். கையால் இழுக்கிற பம்பிலிருந்து வரும் ஏல் என்கிற பீர் வகை ஐஸ் மாதிரி இருக்காது, நிலவறையின் குளிர்ச்சியில்தான் வரும், நம்மூர்ப் பழக்கத்தில் வருகிறவர்கள் ஆறிப்போன பீரைக் கொடுத்துவிட்டான் என்று கோபப்படுகிறார்கள், என் கண்ணெதிரிலேயே நடந்தது. ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், என்று எழுதியிருந்தால் அதில் இருக்கிற 'ஐ' நம்ம இந்தியாதான், இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கிழக்கு லண்டனில் போ பகுதியிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவர் கப்பலில் அனுப்பிய பீரின் வம்சம். அப்புறம் மணி. மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மணி அடிப்பார்கள், கடைசியாக வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். முதல் உலகப் போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கக்கூடாது என்று பப் திறக்கும் நேரத்தைச் சுருக்கிச் சட்டம் போட்டார்கள். போர் முடிந்தும் மத்தியானம் மூடுகிற வழக்கம் 1988 வரைக்கும் போகவில்லை.

கடைசியாகப் போனது ராத்போன் பிளேஸில் இருக்கும் 'வீட்ஷீஃப்'. பழமை தேடுகிறவர்கள் யாரும் அதற்குப் போகமாட்டார்கள். வெளியே கறுப்பு மரச்சட்டம் வெள்ளைச் சுவர் என்று பதினாறாம் நூற்றாண்டு டியூடர் காலத்து வேஷம், ஆனால் இருபதாம் நூற்றாண்டின் கட்டடம். என் கணக்குப்படி அது போலி. நான் போனதற்குக் காரணம் தம்பிமுத்து.

யாழ்ப்பாணத்து அச்சுவேலித் தமிழர். 1938இல் இருபத்திரண்டு வயசில் கையில் பெரிதாக எதுவும் இல்லாமல் லண்டனுக்கு வந்து, அடுத்த வருஷமே 'பொயட்ரி லண்டன்' என்ற கவிதைப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். போர், குண்டுவீச்சு, காகிதத் தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவே அது வந்துகொண்டிருந்தது. டி. எஸ். எலியட் அவருக்கு ஆதரவாக இருந்தார். கேத்லீன் ரெய்னின் முதல் கவிதைத் தொகுப்பு 1943இல் வந்தது தம்பிமுத்துவின் பதிப்பகத்திலிருந்துதான். இங்கிலாந்தின் கவிஞர்கள் தங்கள் கவிதை அச்சாகுமா என்று ஓர் அச்சுவேலிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் வெள்ளைக்கார ஆட்சி நம்மை இன்னும் விட்டுப் போகாத காலத்தில். அவருடைய அலுவலகம் எங்கே இருந்தது என்று கேட்டால் முகவரிகள் உண்டு, ஆனால் ஆள் இருந்தது அந்தப் பகுதியின் பப்புகளில், முக்கியமாக இந்த வீட்ஷீஃபில். ஜார்ஜ் ஆர்வெல், டிலன் தாமஸ் எல்லோரும் வந்த இடம். அவரைச் சந்தித்த ஜூலியன் மக்லாரன் ராஸ் என்ற எழுத்தாளரிடம், பக்கத்துச் சோஹோ பகுதியின் பெயரில் 'சோஹோஐடிஸ்' என்று ஒரு வியாதி இருக்கிறது, ஜாக்கிரதை என்று தம்பிமுத்து எச்சரித்தாராம். அது பிடித்தால் ராப்பகலாக இந்தப் பப்புகளிலேயே கிடப்பாய், ஒரு வேலையும் ஓடாது என்று. சொன்னவருக்கே அது முற்றிப்போயிருந்தது என்பது வேறு.

நான் போனது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வேலை முடித்து வந்தவர்களின் கூட்டம், ஒரே இரைச்சல். சுவரோரம் ஓர் இடம் கிடைத்தது. சோடாவை வைத்துக்கொண்டு, இந்த மூலையில் உட்கார்ந்திருப்பாரா, அந்த ஜன்னல் பக்கமா, நீண்ட தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து உச்சரிப்பு கலந்த இங்கிலீஷில் யாருக்காவது இன்னொரு கிளாஸ் வாங்கிக்கொடுத்திருப்பாரா, இல்லை வாங்கிக்கொண்டிருப்பாரா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். செர்ரி மரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது சான்று கேட்டவன், இங்கே எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்ன, யாருக்காகவாவது காத்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தக் கட்டுரையை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நோட்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன். மணி அடித்த பிறகு எடுத்து மூடப் பார்த்தால், நாலு மணிநேரத்தில் அதில் எழுதியிருந்தது அன்றைய தேதி மட்டும்தான்.